சி.டி. ஸ்கேனில் பெருங்குடல் லிம்போமாவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அப்பாவின் ரிப்போர்ட்டில் ‘பெருங்குடல் சுவர் தடித்திருக்கிறது, லிம்போமாவாக இருக்கலாம்’ என்று இருக்கிறது, படத்தை வைத்தே இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்கேன் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. சந்தேகப்பட முடியும், உறுதியாகச் சொல்ல முடியாது. லிம்போமா என்பது நோய் எதிர்ப்புக்கான நிணநீர்ச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். பெருங்குடலில் வரும் புற்றுநோய்களில் லிம்போமா நூற்றில் ஒன்று இருந்தாலே அதிகம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த ஒரு படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அறுபதைத் தாண்டியவர், வலது அடிவயிற்றில் கட்டி. சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடத்தில் சுவர் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் தடித்திருந்தது. நன்றாக விரிந்த குடலில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வழக்கமான குடல் புற்றுநோய் என்றே எழுதப் போனேன். பக்கத்திலிருந்த மூத்த டாக்டர், “வாந்தி இருக்கா? வயிறு உப்பியிருக்கா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வழக்கமான புற்றுநோய் தன்னைச் சுற்றி நார்த்திசுவை வளர்த்துக் குடலை இறுக்கிவிடும். குறுகிய நீளம்தான் பிடிக்கும், ஆனால் பாதையை அடைக்கும். லிம்போமா அப்படி இறுக்குவதில்லை. சுவருக்குள்ளேயே மெத்தென்று நீளமாகப் பரவும். சில சமயம் சுவரின் தசையையும் நரம்பையும் அழித்துவிடுவதால் பாதை சுருங்காமல் பலூன் போல அகன்றுவிடும். அவருக்கும் அகன்றுதான் இருந்தது. படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்துக்குப் பிறகும் சுவர் ஒரே சீரான சாம்பல் நிறம். குடலுக்கு வெளியே இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் கலையாமல் இருந்தது. அருகில் நிணநீர்க் கணுக்கள் பெரிதாகத் திரண்டிருந்தன. எல்லோருக்கும் இத்தனை அடையாளமும் சேர்ந்து வராது, ஒரே ஒரு கட்டியாக வந்தால் நாங்களும் ஏமாறுவோம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் குடலில் வரும் டிபி. அதுவும் இதே இடத்தைத்தான் பிடிக்கும். ஆனால் டிபியில் பெருங்குடலின் தொடக்கப் பகுதி சுருங்கி மேலே இழுபட்டிருக்கும், கணுக்களின் நடுப்பகுதி பல நேரம் அழுகி, படத்தில் கறுப்பாகத் தெரியும். சிகிச்சை தொடங்காத லிம்போமாவில் கணுக்கள் பெரும்பாலும் உள்ளேயும் ஒரே நிறமாக இருக்கும். படத்தை மட்டும் நம்பி டிபி மாத்திரை தொடங்கி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அதனால் அடுத்து பயாப்ஸிதான், அதாவது சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. கேமரா குழாயை உள்ளே விட்டு அதை எடுக்கும் கொலனோஸ்கோபி செய்பவரிடம் லிம்போமா சந்தேகம் இருப்பதை முன்பே சொல்லுங்கள். சாதாரணமாகப் பார்ப்பதோடு, எந்த வகைச் செல் என்று காட்டும் இம்யூனோ பரிசோதனையும் அப்போதுதான் சேரும். அது முக்கியம், ஏனென்றால் லிம்போமா என்றால் பெரும்பாலும் மருந்து சிகிச்சைதான் பிரதானம், அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படாது. அப்பா ஆஸ்துமாவுக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு லிம்போமா செல்களைக் கரைத்து முடிவைக் குழப்பிவிடலாம்.

அப்புறம், முதல் பயாப்ஸியில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். லிம்போமா சில சமயம் குடலின் உள்சவ்வுக்குக் கீழே ஒளிந்திருக்கும், மேலாகக் கிள்ளிய துண்டில் சிக்காமல் போகலாம். நான் சொன்ன அந்த மனிதருக்கும் இரண்டாம் முறை ஆழமாக எடுத்த பிறகுதான் தெரிந்தது.