கனடாப் பெட்டியும் எங்கள் 230 வோல்ட்டும்

கேள்வி: மாமா கனடாவிலிருந்து வந்தபோது பழைய பிளேஸ்டேஷன் ஒன்றும், அதோடு பாவிக்க ஒரு ட்ரான்ஸ்போமரும் தந்தார். லண்டன் மச்சான் அனுப்பிய டிஸ்குகளைப் போட்டால் விளையாட்டு வருவதில்லை, பிளேஸ்டேஷன் டிஸ்கைப் போடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரிதான் வருகிறது. சிப் போட்டால் எல்லாம் ஓடும் என்று கடையில் சொல்கிறார்கள். நானே வீட்டில் போடலாமா? ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே பிளக்கில் செருகலாமா?
– உயர்தர தொழில்நுட்பப் பிரிவு மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில்: செருகவே கூடாது. பெட்டியைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் மொடல் இலக்கத்தைப் பாருங்கள். எஸ்சிபிஎச்-7501, 9001 என்று கடைசி எண் 1 ஆக இருந்தால் அது வட அமெரிக்காவுக்குச் செய்தது, 120 வோல்ட்டுக்கு உரியது. 2 என்றால் ஐரோப்பா, 0 என்றால் ஜப்பான். எங்கள் 230 வோல்ட்டை நேரே கொடுத்தால் உள்ளே இருக்கும் பவர் போர்ட் அந்த இடத்திலேயே போய்விடும், அதற்குப் பிறகு சிப்பைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. ட்ரான்ஸ்போமர் இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் வேறு வாங்குங்கள். மாமா தந்தது 2000ஆம் ஆண்டு வந்த சின்ன பிஎஸ் வன் என்றால் கதை வேறு. அதற்கு வெளியே இருந்து 7.5 வோல்ட் டிசி போகிறது, ஆகவே எங்கள் கரண்டுக்கு ஏற்ற 7.5 வோல்ட் அடப்டர் ஒன்று எடுத்தால் காரியம் முடிந்தது.

இனி சிப். அந்தச் சிப் செய்வது ஒரேயொரு வேலை, அதை விளங்கிக்கொண்டால் கடைக்காரர் சொன்ன 'எல்லாம்' எதுவரை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அசல் டிஸ்கின் தொடக்கப் பகுதியில், தரவு ஓடும் தடமே மிக நுண்ணிய அளவில் நெளிந்திருக்கும், அந்த நெளிவுக்குள் நாலு எழுத்து இருக்கும்: அமெரிக்க டிஸ்கில் எஸ்சிஈஏ, ஐரோப்பிய டிஸ்கில் எஸ்சிஈஈ, ஜப்பான் டிஸ்கில் எஸ்சிஈஐ. வீட்டில் சீடி எழுதும் கருவியால் அந்த நெளிவை எழுத முடியாது. பெட்டி தன் நாட்டு எழுத்து வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் நீங்கள் கண்ட அந்த வரியைக் காட்டும். சிப் என்ன செய்கிறதென்றால், அதே நாலு எழுத்தை ஒரு பிட்டுக்கு 4 மில்லி செக்கன் வீதம் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்புகிறது, பெட்டியும் தன் நாட்டு டிஸ்க் என்று நம்பிவிடுகிறது. அவ்வளவுதான். லென்ஸ் களைத்திருந்தால் அதைச் சரியாக்காது. ரிவியில் நிறம் வராவிட்டாலும் அதைச் சரியாக்காது, இது உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் ஐரோப்பிய விளையாட்டு அமெரிக்கப் பெட்டியில் தொடங்கினாலும் மஞ்சள் வயரில் சில ரிவிகளில் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம். நிறம் கட்டாயம் வேண்டுமென்றால் மாமாவிடம் அமெரிக்க டிஸ்க் இரண்டு கேளுங்கள், அதற்குச் சிப்பும் தேவையில்லை, சோல்டரும் தேவையில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.

லென்ஸைப் பார்க்க ஒரு லேசான வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பக்திப் பாட்டு சீடி ஒன்றைப் போட்டு, கடைசிப் பாட்டு வரை ஓடவிடுங்கள். சீடியை உள்ளிருந்து வெளியே வாசிப்பதால், பாட்டு நிறைய உள்ள சீடியில் கடைசிப் பாட்டு விளிம்பில் இருக்கும். அங்கேயும் துள்ளாமல் பாடினால் லென்ஸும் அது ஓடும் தண்டவாளமும் பெரும்பாலும் சரி. துள்ளினால் சிப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் போடுவது என்று முடிவெடுத்தால், நானே போடலாமா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில்: போடலாம், தாராளமாக. எதையும் கழற்றி எடுக்கத் தேவையில்லை, எட்டுக் கால் சிப் ஒன்றிலிருந்து சில வயர்களை போர்டில் சரியான புள்ளிகளுக்கு இழுத்து ஒட்டுவதுதான் வேலை. பிக் 12எஃப்629 போன்றவை இதற்குப் பாவிக்கிறவை. ஆர்டுயினோ உங்களுக்குப் பழக்கம் என்றால் பிஎஸ்நீ என்ற திறந்த மூல நிரலை ஏடிடைனி85 என்ற இன்னொரு எட்டுக் கால் சிப்பில் ஏற்றியும் செய்யலாம், படிக்கிற பிள்ளைக்கு அதுதான் நல்லது, உள்ளே என்ன நடக்கிறது என்று நிரலை வாசித்தே பிடித்துக்கொள்ளலாம். விளையாட்டு தொடங்கியதும் எழுத்தனுப்புவதை நிறுத்திவிடும் வகையாகப் பாருங்கள். பிந்தி வந்த சில விளையாட்டுகள் சிப் இருக்கிறதா என்று தேடும், ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய சிப் அதில் மாட்டிவிடும்.

எந்தப் புள்ளியில் ஒட்டுவது என்பது போர்ட்டுக்குப் போர்ட் மாறும். பெட்டியைத் திறந்து போர்டில் பியு-18, பியு-20, பியு-22, பியு-23 என்று எது அச்சடித்திருக்கிறது என்று வாசித்து, அதே இலக்கத்துக்குரிய படத்தைத்தான் எடுக்கவேண்டும். வெளியே ஒரே மாதிரி இருக்கிற இரண்டு பெட்டிக்குள் வேறு வேறு போர்ட் இருக்கலாம். மெல்லிய ஒற்றைக் கம்பி வயர் எடுங்கள், நுனியில் முதலே ஈயம் பூசிக்கொள்ளுங்கள், போர்டில் இரண்டு மூன்று செக்கனுக்கு மேல் அயனை வைத்திருக்காதீர்கள், கூட வைத்தால் செம்புப் புள்ளி உரிந்து வந்துவிடும். செம்புத் தண்ணீர்க் குழாயை ஈயத்தால் ஒட்டப் பூசுகிற பேஸ்டை இதில் பூசவே வேண்டாம், அதிலுள்ள அமிலம் நாள்போகப் போர்டை அரிக்கும். சிப்புக்குப் பவர் 3.5 வோல்ட் புள்ளியிலிருந்து எடுக்கவேண்டும், மீற்றரால் அளந்துவிட்டு ஒட்டுங்கள்.

முதல் சோல்டரை இந்தப் பெட்டியில் பழகவேண்டாம். பழுதான ரேடியோ போர்ட் ஒன்றில் நாலைந்து நாள் கை பழகுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி உள்ளே வராதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். அந்தக் காலத்தில் ரேடியோ திருத்தின ஐயாமார் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் இருந்து பார்த்தால் கிடைப்பது எந்த வீடியோவிலும் கிடைக்காது.

கேள்வி: எங்களிடம் 90களில் வாங்கிய, கசெற் போடுகிற ரிவி கேம் இருக்கிறது. சிவப்பு லைட்டே எரிவதில்லை. எந்தச் சிப்பை மாற்றவேண்டும்?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: எந்தச் சிப்பையும் மாற்றவேண்டாம் தங்கச்சி. 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகொமைப் பார்த்துச் செய்த நகல் அது. பெரும்பாலானவற்றில் முழுக் கேமும் ஒரு கறுப்புப் பசைப் பொட்டுக்குள் அடங்கியிருக்கும், அதை மாற்ற வழியில்லை. ஆனால் லைட்டே எரியாவிட்டால் பழுது அனேகமாக அதற்கு முன்னாலேயே இருக்கும்: அடப்டர், அடப்டர் குத்துகிற துளை, சுவிட்ச், இல்லாவிட்டால் 7805 என்று எழுதிய மூன்று கால் ரெகுலேற்றர். அதன் வெளிக்காலில் 5 வோல்ட் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள், சின்ன விலைக்கு எங்கும் கிடைக்கிற சாமான் அது. லைட் வந்தும் படம் வராவிட்டால் கசெற்றின் பற்களை ஐசோபுரொபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் அந்தப் பற்களைக் கறுக்க வைக்கும்.

கேள்வி: சிப் போடுவது சட்டப்படி பிழையா?
– வாசகர், வவுனியா

பதில்: காசு கொடுத்து வாங்கிய வெளிநாட்டு டிஸ்கைச் சொந்தப் பெட்டியில் ஓட்ட நினைப்பதில் எனக்குப் பிழை தெரியவில்லை. அவுஸ்திரேலியாவில் இதே பிளேஸ்டேஷன் சிப் வழக்கு அந்த நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போய், 2005இல் சோனிக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. ஆனால் அது அந்த நாட்டின் அன்றைய சட்டம். இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. டிஸ்கைக் கள்ளப் பிரதி எடுத்து விற்பதற்கு என்னிடம் வழி கேட்காதீர்கள்.

கேள்வி: மகன் அறையைப் பூட்டிக்கொண்டு ஈயம் உருக்குகிறான். அந்தப் புகை நஞ்சா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: அக்கா, அறையைத் திறக்கச் சொல்லுங்கள். அந்த வெள்ளைப் புகை ஈயம் இல்லை, ஈயக் கம்பிக்குள் இருக்கும் பிசின் எரிகிற புகை. அயனின் சூட்டில் ஈயம் ஆவியாகாது. ஆனால் பிசின் புகை தொண்டையையும் நெஞ்சையும் அரிக்கும், இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆகவே ஆகாது. ஜன்னலைத் திறந்து, சின்ன ஃபான் ஒன்றைப் புகை வெளியே போகிற பக்கமாக வையுங்கள். ஈயம் உடம்புக்குள் போவது கையால்தான்: தொட்ட கையோடு பிஸ்கட் சாப்பிட்டால். சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, சாப்பிடுகிற மேசையில் இந்த வேலையே கூடாது, தவழுகிற பிள்ளை இருந்தால் கீழே சிந்திய ஈயத்துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். இன்னொன்று, பிளக்கைக் கழற்றிய பிறகும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கப்பாசிற்றரில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கி நிற்கலாம், 230 வோல்ட்டில் நேரே ஓடுகிற சாமான் என்றால் 300 வோல்ட்டுக்கும் மேல். அந்தப் பகுதியில் மட்டும் தனியே கை வைக்கவேண்டாம் என்று கண்டிப்பாகவே சொல்லுங்கள், மற்ற வேலையைச் செய்யட்டும்.