அமரரா, இமையோரா?

கேள்வி: அப்பாவின் முதலாண்டு நினைவு மலர் அச்சுக்குப் போகிறது. பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று போட்டிருக்கிறோம். அகராதியில் அதற்குத் தேவர் என்று பொருள் இருக்கிறது. "வடசொல் எதற்கு, 'இமையோர்' என்று மாற்று" என்கிறார் சித்தப்பா. மாற்றலாமா?

பதில்: வேண்டாம். இரண்டுமே தேவரைக் குறிப்பவைதான். ஆனால் மறைந்தவர் பெயருக்கு முன் அடைமொழியாக நிற்கும் வழக்கு 'அமரர்' ஒன்றுக்குத்தான் உண்டு.

அமரர் என்றால் சாவில்லாதவர். 'அடக்கம் அமரருள் உய்க்கும்' (குறள் 121) என்னும்போது, அடக்கம் ஒருவரைத் தேவரிடையே கொண்டு சேர்க்கும் என்று பொருள். அப்படிப் போய்ச் சேர்ந்தவர் என்ற மரியாதையில்தான் 'அமரர் கல்கி' என்கிறோம். இலங்கைத் தமிழரின் மரண அறிவித்தல்களில் ஆண், பெண் இருவருக்குமே இதைப் போடுவார்கள்.

இமையோர் கதையே வேறு. அவர்கள் கண் இமைக்காதவர்கள். நளவெண்பாவில் தமயந்தியின் சுயம்வரத்துக்குத் தேவர்கள் நால்வர் நளன் உருவிலேயே வந்து அமர்கிறார்கள். ஐந்து பேரும் அச்சு அசல் ஒரே மாதிரி. அவளோ கண் இமைப்பதையும், கால் தரையில் படுவதையும், மாலை வாடுவதையும் பார்த்து உண்மையான நளனைக் கண்டுபிடித்துவிடுகிறாள். தொல்காப்பியக் களவியலிலும் இதே சோதனை உண்டு. எதிரே நிற்பவள் தெய்வமகளா, மானிடப் பெண்ணா என்ற ஐயத்தைத் தலைவனுக்குத் தீர்க்கும் அடையாளங்களில் 'இமைப்பே' என்று ஒன்றையும் சேர்க்கிறார் தொல்காப்பியர். ஆக, இமையோர் என்பது மனிதரிலிருந்து தேவரைப் பிரித்துக் காட்டும் சொல். அதைக் கொண்டுவந்து அப்பா பெயருக்கு முன் ஒட்டினால் படிப்பவர் விழிப்பார்.

சரி, சித்தப்பாவுக்குத் தூய தமிழ்தான் வேண்டுமென்றால் 'மறைந்த' போதும். மலரின் முகப்பில் 50-ஆம் குறளைப் போடுங்கள்: 'வையத்துள் வாழ்வாங்கு வாழ்பவன் வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்.' இமையோர் ஆசையில் குறளைப் புரட்டினால் 'இமையாரின் வாழினும்' என்று 906 கண்ணில் படும். தப்பித் தவறியும் அதைப் போட்டுவிடாதீர்கள். அது மனைவிக்கு அஞ்சி நடப்பவரைப் பற்றியது!

அப்புறம், மெய்ப்புத் திருத்தும்போது ஒரு காலை மட்டும் கவனியுங்கள். 'அமரார்' என்று அச்சாகிவிட்டால் பகைவர் என்று பொருள்.