வாசகர் கேள்வி–பதில்: நார்வே ஜாஸுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: சுமார் 55 லட்சம் பேரே வாழும் நார்வேயில் இத்தனை ஜாஸ் குழுக்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? அரசு சம்பளம் தருகிறதா?
– வாசகர், திருச்சி

பதில்: மாதச் சம்பளம் வாங்கும் ஜாஸ் கலைஞர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒவ்வொரு இசைப்பதிவுக்கும் தனித்தனியாகப் பணம் திரட்டுகிறார்கள். முதல் வாசல், 1965-இல் தொடங்கிய நார்வே கலாசார நிதியம். மொத்தத் தொகையை நாடாளுமன்றம் ஒதுக்கும். யாருக்கு எவ்வளவு என்பதைத் துறை அறிந்த தேர்வாளர்கள் முடிவுசெய்வார்கள். தனக்குத் தொடர்புள்ள இசைக்குழுவின் மனு வந்தால் அந்தத் தேர்வாளர் அந்த முடிவிலிருந்து விலகியாக வேண்டும். ஊர் சிறியது, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் இந்த விதி உயிர்நாடி.

இன்னொரு வாசல் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் திறந்தது. இசைத்தட்டும் வானொலியும் மேடைக் கலைஞர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்று அப்போது அஞ்சினார்கள். பதிவுகளைப் பொதுவில் ஒலிபரப்புவோரிடம் கட்டணம் வசூலித்து, அதை மேடைக் கலைஞர்களுக்கான நிதியில் சேர்த்தார்கள். சுற்றுப்பயணங்களுக்கும் பதிவுகளுக்கும் அந்த நிதி இன்றும் கைகொடுக்கிறது.

கலைஞருக்கு மட்டும் பணம் கொடுத்தால் வாசிக்க இடம் இருக்காது. அதனால் தன்னார்வலர்கள் நடத்தும் ஊர் ஜாஸ் கிளப்புகளுக்கும், 1961 முதல் நடக்கும் மோல்டே நகர ஜாஸ் விழா போன்றவற்றுக்கும் பொதுப்பணம் போகிறது. எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டின் ஆகச் சிறந்த பகுதி அந்தச் சின்னக் கிளப்புகள்தான்.

கேள்வி: மகள் ட்ரொன்ட்ஹைமில் ஜாஸ் படித்து முடித்தாள். அவளுடைய நால்வர் குழு 5 ஊர்க் கச்சேரிகளுக்குக் கேட்ட உதவி மறுக்கப்பட்டது. எங்கே தவறியிருக்கும்?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: இசை நன்றாக இருந்தும் மனு விழுவது பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கில்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: ஒரு கச்சேரிக்குத் தலைக்கு 5,000 குரோனர் (நார்வே நாணயம்) வீதம் நால்வருக்கு 5 கச்சேரிக்கு 1,00,000, பயணம், தங்கல் 45,000, புது இசையமைப்புக்கு 15,000. செலவு 1,60,000. கிளப்புகள் தருவது 40,000, நகராட்சி 20,000 என்றால் கேட்க வேண்டியது சரியாக 1,00,000. இரு பக்கமும் ஒரே தொகையில் முடிய வேண்டும். வேறெங்கும் மனு போட்டிருந்தால் அதையும், பதில் வந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள்.

பணம் குறைவாகக் கேட்டால் கிடைக்கும் என்று ஊதியத்தைக் குறைத்துப் போடாதீர்கள். உழைப்புக்கு நியாயமான கூலி இல்லாத திட்டம் தேர்வாளர்களுக்கு நம்பிக்கை தராது. டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியை விமானத்தில் கொண்டுபோகும் செலவும் பலருக்கு மறந்துபோகிறது. அந்தந்த ஊரில் ஒன்றை இரவல் கேட்டு, அதையும் கணக்கில் குறிப்பிடலாம். கச்சேரி ஏற்கும் கிளப்புகளின் கடிதம், தேதி, இந்தக் குழுவே வாசித்த அண்மைப் பதிவு மூன்றையும் இணையுங்கள். பயணம் தொடங்கிய பின் மனு செய்யாதீர்கள். முடிந்த செலவுக்குப் பணம் கேட்பது பொதுவாக எடுபடாது.

கேள்வி: தனி ஆளாக ஓராண்டு இசையமைக்க உதவி உண்டா?
– வாசகர், பேர்கன்

பதில்: உண்டு. அரசுக் கலைஞர் உதவித்தொகை என்ற திட்டத்தில் ஓராண்டோ பல ஆண்டுகளோ வாழ்க்கைச் செலவுக்குப் பணம் கிடைக்கும். வரி கட்ட வேண்டும். போட்டி கடுமை. கருவி, பயணம், பயிற்சி ஆகியவற்றுக்கான சிறு தொகைகளும் அதே இடத்தில் உண்டு. இளையவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே மனு செய்வது நல்லது. பணம் வந்தபின் ரசீதுகளை முதல் நாளிலிருந்தே கோப்பில் வையுங்கள். கணக்கு ஒப்படைக்காதவரின் அடுத்த மனு அங்கேயே நின்றுவிடும்.