எழுபதுகளில் கொழும்புப் பெண்கள் முகத்துக்கு என்ன பூசினார்கள்? – கேள்வி பதில்

நான் 1955 இல் பிறந்தவள். வெள்ளவத்தையில் வீட்டின் முன்னறையில் முப்பது வருடம் அழகு நிலையம் நடத்தினேன். அந்தக் காலத்து முகப்பராமரிப்பைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, செய்து பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துப் பதில் தருகிறேன்.

அன்ரி, அப்போது கடையில் கிரீமே கிடைக்காதா? அம்மம்மா எதற்கெடுத்தாலும் பயற்றம் மா என்கிறார். (தெஹிவளை)

கிடைத்தது, ஆனால் அரிதாகத்தான். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பாணுக்கே விடிய எழும்பி வரிசையில் நின்றோம். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பொண்ட்ஸ் போத்தல் அலுமாரிக்குள் பூட்டுப்பட்டிருக்கும். கலியாண வீடு என்றால்தான் வெளியே வரும். உள்ளூரில் லக்ஸும், சுதேசியின் ராணி சந்தனச் சவர்க்காரமும் இருந்தன. தென்னிந்தியச் சஞ்சிகைகள் வருவதையும் கட்டுப்படுத்தியிருந்தார்கள். அதனால் அழகுக் குறிப்பு என்றால் அம்மா சொல்வதுதான்.

அம்மம்மா சொல்வது சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பணியாரத்துக்கு வறுத்து இடிப்பது வேறு, முகத்துக்கு வறுக்காமல் வெயிலில் காயவைத்து அரைப்பது வேறு. இரண்டு முறை அரிக்க வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் முகத்தைக் கீறிவிடும். தண்ணீரில் குழைத்துத் தடவி, முழுதாகக் காய்வதற்கு முன்பே கழுவிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்; நிறத்தை மாற்றாது.

வெள்ளிக்கிழமை முழுக்கு என்று சொல்கிறார்களே, அதில் என்னதான் செய்வீர்கள்? (வெள்ளவத்தை)

இதைக் கேட்டதற்கு நன்றி பிள்ளை. பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆண்களுக்குப் புதனும் சனியும். நல்லெண்ணெயில் கொஞ்சம் சீரகமும் மிளகும் போட்டு இளஞ்சூடாக்கி, உச்சியில் தொடங்கிக் குதிக்கால்வரை அம்மா தேய்த்துவிடுவார். அரைமணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும். பிறகு அரப்பு. அரப்பு என்றால் இலுப்பை விதையில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் பிண்ணாக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து யாழ்தேவி ரயிலில் வரும் யாராவது ஒரு கடதாசிச் சரை கொண்டுவருவார்கள். வெந்தயமும் பாதித் தேசிக்காயும் சேர்த்து அவித்து, அம்மியில் அரைத்துத் தலையில் வைப்போம். இலுப்பையில் நுரைக்கும் சத்து இயல்பாகவே இருக்கிறது, அதுதான் எண்ணெயைக் கழற்றுகிறது. கண்ணில் பட்டால் தாங்க முடியாத எரிச்சல். கண்ணை இறுக மூடச் சொல்லி அம்மா அதட்டுவது இன்னும் காதில் இருக்கிறது.

ஊரில் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றலாம். கொழும்பு அனெக்ஸில் குழாய்த் தண்ணீர் நூல்போல வரும். முதல்நாள் இரவே வாளிகளை நிரப்பி வைப்போம். தண்ணீர் குறைந்தால் நெற்றியில் எண்ணெய் தங்கி அடுத்த கிழமையே பரு வரும். கொழும்பின் புழுக்கத்தில் இது முக்கியம். முகப்பரு உள்ளவர்கள் தலைக்கு மட்டும் எண்ணெய் வைத்து, நெற்றியை நன்றாகக் கழுவுங்கள். பரு முகத்தில் தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

கஸ்தூரி மஞ்சள் எங்கே வாங்கினீர்கள்? (மட்டக்குளி)

புறக்கோட்டை கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில். தூளாக வாங்காமல் கிழங்காக வாங்குங்கள். உடைத்தால் கற்பூரம் கலந்த வாசம் வரும். கடும் செம்மஞ்சளாக இருந்து கையில் கறை பிடித்தால் அது கறி மஞ்சள்.

கறுத்தப் பொட்டு வீட்டிலேயே காய்ச்சினீர்களாமே? (பம்பலப்பிட்டி)

ஆமாம், என் மூத்த மகளுக்கும் நான்தான் காய்ச்சினேன். சவ்வரிசியை இரும்புச் சட்டியில் போட்டு, கரியாகும் வரை வறுக்க வேண்டும். வீடு முழுக்கப் புகை வரும், யன்னல்களைத் திறந்து வையுங்கள். தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் கரைந்து பசையாகும். துணியில் வடித்து மறுபடி காய்ச்சி, கையில் ஒட்டும் பதத்தில் சுத்தமான சிரட்டைக்குள் ஊற்றி வெயிலில் வைத்தால் உள்ளேயே இறுகிவிடும். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் உரைத்து வைப்பதுதான். வருடக்கணக்கில் இருக்கும். குழந்தையின் நெற்றிக்கும் கன்னத்துக்கும் வைக்கலாம், கண்ணுக்குள் எதையும் தீட்ட வேண்டாம். சில மைகளிலும் சுர்மாவிலும் ஈயம் கலந்திருப்பது தெரிந்த விஷயம்.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வெள்ளையாகிவிட்டது. (கொட்டாஞ்சேனை)

உடனே நிறுத்துங்கள் தங்கச்சி. சில பொட்டுகளின் பசையில் இருக்கும் ஒரு இரசாயனம் தோலின் நிறத்தைக் கொன்றுவிடும். வேறு பொட்டு மாற்றிப் பார்க்காமல் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கலியாணத்துக்கு முன் நிறம் வெளிக்கத் தேசிக்காய்ச் சாறு பூசச் சொல்கிறார் மாமி. எழுபதுகளில் எல்லோரும் பூசினார்களாம். (வத்தளை)

பூசினோம். நானும் பூசினேன். 1978 இல் என் கலியாணத்துக்கு முதல் கிழமை தேசிக்காய்ச் சாற்றைத் தடவிக்கொண்டு, சரியாகக் கழுவாமல் வெயிலில் செட்டியார் தெருவுக்கு நகை எடுக்கப் போனேன். இரண்டு நாளில் கன்னத்தில் கொப்புளம், பிறகு கறுத்த தழும்பு. கலியாணப் படங்களில் ஒரு பக்கமாகத் திரும்பியே நிற்கிறேன். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும், இதற்கு இயற்கை செயற்கை என்ற பேதமில்லை.

வெள்ளையாக்கும் கிரீம் என்று பெயர் முகவரி இல்லாமல் விற்பவற்றையும் தொடாதீர்கள். அவற்றில் பாதரசம் கலப்பதுண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். "கறுப்பி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் என் கதிரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். மாமியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: மாப்பிள்ளை உங்களைப் பார்த்துத்தானே சம்மதித்தார்.

1977 க்குப் பிறகு என்ன மாறியது? (நுகேகொடை)

கட்டுப்பாடு தளர்ந்ததும் ஷாம்பு, லிப்ஸ்டிக், நெயில் பொலிஷ் எல்லாம் புறக்கோட்டை நடைபாதைக்கே வந்துவிட்டன. புருவத்துக்கு நூல் போட மணப்பெண்கள் வரத் தொடங்கினார்கள். என் தொழிலும் அதில்தான் வளர்ந்தது. அம்மி ஓய்ந்தது.

மகளுக்குப் பதினான்கு வயது, முகமெல்லாம் பரு. உங்கள் காலத்து வழி ஏதாவது சொல்லுங்கள் அக்கா. (வெள்ளவத்தை)

பருவைக் கிள்ளவிடாதீர்கள். மென்மையான சவர்க்காரத்தால் காலையும் மாலையும் கழுவினால் போதும், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அப்ப வேண்டாம். இரண்டு மாதத்தில் குறையாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன, எங்களுக்கு அவை கிடைக்கவில்லை. சன்ஸ்கிரீன் பூசினால் பரு விட்ட கறை கறுக்காது. எங்கள் காலத்தில் அந்த வேலையைச் செய்தது கறுப்புக் குடை. பத்து மணி வெயிலில் குடையில்லாமல் அம்மா காலி வீதியில் இறங்கியதே இல்லை. எண்பது வயதிலும் அவர் கன்னத்தில் மங்கு விழவில்லை. பள்ளிக்கூடப் பையில் ஒரு சின்னக் குடையை வைத்துவிடுங்கள்.