க்ரிஃபி மைனர் லீக் செட்டை பிரிக்கலாமா? - பதில்

ப்ரோ, அமெரிக்க பேஸ்பால் ஸ்டார் கென் க்ரிஃபி ஜூனியர் மைனர் லீக்ல (பெரிய லீக்குக்கு கீழ இருக்கற லீக்) ஆடுன சான் பெர்னார்டினோ ஸ்பிரிட் டீமோட 1988 கார்டு செட் முழுசா கைல இருக்கு, அதுல இருக்கற க்ரிஃபி கார்டை வித்தவர் ரூக்கி கார்டுன்னு (பெரிய லீக் வீரரா வர்ற முதல் கார்டு) சொன்னாரு, அந்த ஒரு கார்டை மட்டும் உருவி கிரேடிங் (கார்டோட நிலைமையைப் பாத்து மார்க் போடறது) அனுப்பலாமான்னு கேட்டிருந்தீங்க. ரூக்கி கார்டுன்னு சொன்னது சும்மா வியாபாரப் பேச்சு. மைனர் லீக் கார்டை யாரும் ரூக்கியா எடுத்துக்க மாட்டாங்க, அவருக்கு எல்லாரும் தேடுற ரூக்கின்னா 1989ல அப்பர் டெக் கம்பெனி போட்ட செட்டோட நம்பர் 1 கார்டுதான். இதுல கூத்து என்னன்னா அந்த அப்பர் டெக் போட்டோவே அவர் சான் பெர்னார்டினோ தொப்பியோட நிக்கறப்ப எடுத்ததுதான், அப்புறமா கலரை மாத்தி அவரோட பெரிய லீக் டீமான மரைனர்ஸ் தொப்பியாக்கிட்டாங்க!

செட்டை அவசரப்பட்டு பிரிக்காதீங்க. இதெல்லாம் பாக்கெட்ல வந்த கார்டு இல்ல, டீம் டீமா செட்டாவே வித்தது, அதனால ஸ்டார் கார்டை உருவிட்டா மிச்சத்தை வாங்க ஆள் கிடைக்கறது கஷ்டம். முதல்ல நல்ல வெளிச்சத்துல லென்ஸ் வச்சு நாலு மூலையும் பாருங்க, பார்டர் ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பாருங்க, மூலை லேசா வெளுத்திருந்தாலே டாப் கிரேடு வராது, கிரேடிங் காசு தண்டம். எல்லாம் பக்காவா இருந்தா தாராளமா அனுப்புங்க. கார்டோட முன்பக்கம் பின்பக்கம் ரெண்டு போட்டோவும் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.