இறாத்தல் பாணும் லண்டன் சட்டமும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் என் தகப்பனார் வெதுப்பகம் நடத்தினார். கிழக்கு லண்டனில் நான் கடை திறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊர் வழக்கப்படி ஓர் இறாத்தல் பாண் சுட்டு, உறை போடாமல் அடுக்கி, ‘450 கிராம்’ என்று எழுதி வைத்து விற்கிறேன். கவுன்சிலிலிருந்து வந்த எடை அளவு அதிகாரி, 400 அல்லது 800 கிராமில்தான் விற்க வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார். நான் கூடத்தானே கொடுக்கிறேன்? மா விலை ஏறியதால் பாண் விலையையும் கூட்டினேன். அதற்கும் முறைப்பாடு செய்யப்போவதாக ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார். விலை ஏறும் முன்பே வாங்கிய மாவில் சில மூட்டைகளை இன்னொரு கடைக்காரருக்கு இலாபத்துக்கு விற்றேன். இதுவும் பிழையா, ஐயா?

பதில்: எடை விஷயத்தில் அதிகாரி சொன்னது சரி. விலையை எவ்வளவு வைப்பது என்பதில் அவருக்கு அதிகாரம் இல்லை. மா விற்றதும் குற்றமல்ல.

2011ஆம் ஆண்டின் எடை அளவு ஆணைப்படி, உறையிடாத பாண் 300 கிராமுக்கு மேல் இருந்தால் அது 400 கிராமாகவோ அதன் மடங்காகவோ இருக்க வேண்டும். கூடக் கொடுப்பதைச் சட்டம் ஏன் தடுக்கிறது என்ற உங்கள் ஆதங்கம் நியாயமானது. அதற்கு விடை இந்த நகரத்தின் பழைய கதையில் இருக்கிறது. உங்களைப் போன்ற வெதுப்பகக்காரர்களின் கதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

13ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே பாணுக்கு ஒரு விசித்திரமான கட்டுப்பாடு இருந்தது. காசு மாறாது, எடை மாறும். கோதுமை விலை ஏறினால் ஒரு பென்னிக்குக் கிடைக்கும் பாண் சிறுத்தது, இறங்கினால் பெருத்தது. கூலியாட்கள், உப்பு, விறகு, மெழுகுவர்த்தி என்று சுடுபவரின் செலவையும் சட்டமே கணக்கிட்டு, தவிட்டை அவருக்கே விட்டுக்கொடுத்தது. எடை குறைத்தவர் முதல் முறை பிடிபட்டால், அந்தப் பாணைக் கழுத்தில் கட்டி, மரச்சட்டகத்தில் கிடத்தித் தெருத் தெருவாக இழுத்துச் சென்றார்கள். மூன்றாம் முறை என்றால் போறணையையே இடித்துவிடுவார்கள்.

வாங்குபவருக்கோ இது பெருந்தொல்லை. போன மாதத்துப் பாணுக்கும் இந்த மாதத்துப் பாணுக்கும் எடை வேறு. கண்ணால் பார்த்து யாரால் சொல்ல முடியும்? 1709இல் வந்த சட்டம் பழைய ஏற்பாட்டை நீக்கிப் புதிய ஒழுங்கைக் கொண்டுவந்தது. லண்டனில் மேயரும் ஆல்டர்மன்கள் என்ற மூத்த நகரசபை உறுப்பினர்களும் தானியத்தின் சந்தை விலையைப் பார்த்து, சுடுபவரின் கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பிறகு பெரிய பாண்களுக்கு எடையை நிலையாக வைத்து விலையை மாற்றும் முறை வந்தது. பெக் என்ற பெரிய பாண் என்றால் 17 இறாத்தல் 6 அவுன்ஸ், அதில் கால் பங்கான குவார்ட்டர்ன் பாண் 4 இறாத்தல் 5½ அவுன்ஸ். 1758ஆம் ஆண்டின் சட்டத்தில், மட்டமான வீட்டுப் பாணில் எச் (H, ‘ஹவுஸ்ஹோல்ட்’ என்பதன் முதலெழுத்து) என்ற எழுத்தைப் பதிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஏழைகளிடம் அதை உயர்ந்த பாண் என்று ஏமாற்றி விற்கக் கூடாது அல்லவா?

ஆனால் சுடுபவர்களின் கையைக் கட்டியது அந்தக் கூலிதான். அதை நிர்ணயித்தவர்கள் அதிகாரிகள். விறகும் வாடகையும் ஏறினால், அவர்கள் மனம் இரங்கும்வரை சுடுபவர் பொறுத்திருக்க வேண்டும். நீங்கள் மா விலை ஏறிய அன்றே விலைப்பலகையை மாற்றினீர்கள். அன்று அப்படிச் செய்தவர் அபராதம் கட்டியிருப்பார்.

1815இல் லண்டனில் இந்த விலை நிர்ணயம் ஒழிந்தது. 1822ஆம் ஆண்டின் சட்டம் சுடுபவரிடம் சொன்னது இதுதான்: விலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பாணை எடையில் விற்றுத் தராசைக் கடையில் வாங்குபவர் கண்முன் வையுங்கள். விலையில் சுதந்திரம், எடையில் கண்டிப்பு என்ற அந்த ஒப்பந்தம்தான் இன்றும் நடக்கிறது. இரண்டு கடைகளின் பாண் ஒரே எடை என்றால், விலையைப் பார்த்தாலே போதும். எது மலிவு என்று தெரிந்துவிடும். உங்கள் 450 அந்த ஒப்பீட்டைக் குலைக்கிறது. இதில் எனக்கே ஒரு வருத்தம் உண்டு: இறாத்தல் பாண் இந்த ஊர்க்காரர்களுடையதுதான். போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில், 1946இல், இரண்டு இறாத்தல் பாணை விலை மாற்றாமல் 1¾ இறாத்தலாக அரசு குறைத்தது. அது ஏறத்தாழ 800 கிராம். அதில் பாதிதான் இன்றைய 400.

மா விற்றதைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஜோன் ரஸ்பி என்ற தானிய வியாபாரி குவார்ட்டர் என்ற தானிய அளவு ஒன்றுக்கு 41 ஷில்லிங் வீதம் 90 குவார்ட்டர் ஓட்ஸ் வாங்கி, அதில் 30ஐ அன்றே 44 ஷில்லிங் வீதம் விற்றார். இப்படி வாங்கி இலாபத்துக்கு மறுவிற்பனை செய்தது குற்றம் என்று 1800இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். கூட்டம் அவர் வீட்டைத் தாக்கியது. பிறகு, இது சட்டத்தில் குற்றம்தானா என்பதில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தார்கள், தண்டனை கிடைக்கவில்லை. 1844இல் அந்தக் குற்றமே நீக்கப்பட்டது. எனவே அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

விலை முறைப்பாட்டுக்கும் அஞ்ச வேண்டாம். விலைப்பலகை தெளிவாக இருக்கட்டும். அதில் எழுதியதைவிடக் கூடுதலாக வாங்காதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. இறாத்தல் பாணை விட மனமில்லை என்றால், பையில் அடைத்து விற்பனைக்கு வையுங்கள். உறையிட்ட பாணுக்கு இந்த எடைக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கடையிலேயே உறையிட்டால், 2021 அக்டோபரில் வந்த விதிப்படி எல்லாச் சேர்மானங்களையும் எழுதி, கோதுமை, பால், சோயா போன்ற ஒவ்வாமை தருபவற்றை எடுப்பாகக் காட்ட வேண்டும். இதில் தவறினால் ஓர் உயிருக்கே ஆபத்தாகலாம். எடையையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள். நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

உறை வேண்டாம் என்றால் 400 கிராமுக்கு மாறுங்கள். போறணையில் நீர் வற்றிப் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே எடை போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். மாக்குழையலை அதற்கேற்ப நிறுங்கள். ஆறிய பாண்களில் சிலவற்றை நாள்தோறும் நிறுத்து, தேதியிட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எடை குறைந்ததாக வழக்கு வந்தால், தக்க முன்னெச்சரிக்கையும் கவனமும் எடுத்தேன் என்ற எதிர்வாதத்துக்கு 1985ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு அந்தக் கொப்பிதான் சாட்சி.

கடிதத்துக்கு, அதில் தந்த தவணைக்குள், எந்த வழியை எடுத்தீர்கள் என்று இரண்டு வரியில் எழுத்தில் பதில் அனுப்புங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.