நேரில் பார்க்காத ராக் கச்சேரியை 'எனக்குப் பிடித்த கச்சேரி' என்று சொல்லலாமா? உங்களுக்குப் பிடித்த லைவ் பதிவுகள், ஆல்பங்கள், பிளேலிஸ்ட் எவை?

சொல்லலாம். தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வியைப் படித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ உங்களிடம் "நீ அங்கே இருந்தாயா?" என்று கேட்டிருக்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். பாட்டுக் கேட்பவர்கள் சிலர் கூடியிருந்த இடத்தில் ஆளுக்கொரு கச்சேரியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது, பிரிட்டிஷ் ராக் குழு ஒன்றைச் சொன்னேன்: "டீப் பர்ப்பிள், 1972, ஜப்பான்" என்றேன். என்னைவிட மூத்தவர் ஒருவர், "தம்பி, நீ அப்போது பிறந்திருக்கவே மாட்டாய். அது கச்சேரி இல்லை, கேசட்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆமாம், அது கேசட்தான். என் அண்ணன் தன் நண்பரிடமிருந்த இசைத்தட்டிலிருந்து எனக்காக எடுத்துக்கொடுத்த 60 நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் பக்கத்தில் 'ஹைவே ஸ்டார்', 'சைல்ட் இன் டைம்', 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'. மூன்றும் முடிந்தபின் மூன்று நிமிடம் போல வெறும் நாடா இரைச்சல். திருப்பிப் போட்டால் 'தி மியூல்', 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்', 'லேசி'. லேசி முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் 'டக்' என்று நாடா நின்றுவிடும். ஆறு பாடல்கள்தான் அந்தக் கச்சேரி என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அந்தக் கச்சேரியின் ஆல்பமான 'மேட் இன் ஜப்பான்' சிடி கைக்கு வந்தது. பின்னட்டையில் ஏழாவதாக ஒரு பெயர்: 'ஸ்பேஸ் டிரக்கின்'. ஏறத்தாழ இருபது நிமிடப் பாடல். அண்ணனின் கேசட்டில் இடமில்லாமல் விடுபட்டுப்போனது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பாடலிலிருந்தே கேட்டேன். லேசி முடிந்தது. என் காது அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தது. அது வரவில்லை. டிரம்ஸ் வந்தது. வரிவரியாக மனப்பாடமான ஒரு இரவு நான் நினைத்திருந்த இடத்தில் முடியாமல் இன்னும் இருபது நிமிடம் நீண்டது. நடுவில் பாட்டு என்று சொல்ல எதுவுமே இல்லாமல் ஜான் லார்டின் ஆர்கன் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கட்டம் உண்டு. அங்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்ததோ, எனக்கு இப்படி இருந்தது. இதைக் கச்சேரி இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

அந்த ஆல்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1972 ஆகஸ்ட் 15, 16 ஆகிய நாட்களில் ஒசாகாவிலும், 17இல் டோக்கியோவின் புடோகான் அரங்கிலும் பதிவு செய்தார்கள். ஜப்பானில் மட்டும் வெளியிடுவதாகத்தான் முதலில் திட்டம். 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அப்போது உலகப் புகழ் பெற்றிருக்கவில்லை. அந்த வருடம் மார்ச்சில் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருந்த ஒரு பாட்டு, அவ்வளவுதான். அமெரிக்காவில் தனிப்பாடலாக வெளிவந்து பெரிய வெற்றி அடைந்தது 1973இல்தான். அந்தப் பாட்டின் கதையே ஒரு கச்சேரியைப் பற்றியது. 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரோ நகரில் அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் தீச்சுடர்த் துப்பாக்கியால் சுட்டதில் சூதாட்ட விடுதி முழுவதும் எரிந்துபோனது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர் ஏரியின் மேல் பரவிய புகையைப் பார்த்து எழுதியதுதான் அது. இன்று கிட்டாரைத் தொடுகிற எல்லோரும் முதலில் வாசிக்கிற அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு), அது இவ்வளவு தேய்வதற்கு முன்னால் மேடையில் கேட்க நல்ல வழி அந்தப் பதிவு.

இப்போது சிலர் வருவார்கள். "லைவ் ஆல்பங்களில் பாதி பொய், ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டவை" என்பார்கள். எனக்கும் தெரியும். தின் லிசியின் 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தது என்று அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்கோன்டியே சொன்னார், குழுவினர் மறுத்தார்கள். கிஸ் குழுவின் 'அலைவ்!' ஆல்பத்திலும் திருத்தங்கள் உண்டு. அதனால்தான் தி ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்' மேல் எனக்குத் தனி மரியாதை. 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடம். பதிவில் கரகரப்புகள் விழுந்திருந்தன. இசைத்தட்டின் லேபிளிலேயே, கரகரப்பு இருக்கும், சரிசெய்யாதீர்கள் என்று எழுதி வெளியிட்டார்கள். முதலில் வந்ததில் ஆறு பாடல்கள்தான். 1995இல் விரிவுபடுத்தி 14 ஆக்கினார்கள். நான் ஆறு பாடல் பதிப்பையே விரும்புகிறேன். முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் நீண்டதற்குப் போகலாம்.

நேரில் பார்த்தால்தான் கணக்கு என்பவர்களிடம் எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெயி நகரில் உள்ள பழைய ரோமானிய அரங்கில் வாசித்தது ரசிகர் கூட்டமே இல்லாமல், படமாக்குவதற்காக. (சில பாடல்கள் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தவை என்று திருத்த வேண்டாம், தெரிந்துதான் எழுதுகிறேன்.) அதை நேரில் பார்த்த ரசிகர் என்று யாரைக் காட்டுவார்கள்? அடுத்தது, 2007 டிசம்பர் 10 அன்று லெட் ஜெப்பலின் லண்டன் ஓ2 அரங்கில் மறுபடி மேடையேறியபோது டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 2 கோடி பேர் என்று சொன்னார்கள். உள்ளே போக முடிந்தது அதில் ஒரு துளி. வெளியே நின்ற மற்றவர்கள் ரசிகர்கள் இல்லையா? 2012இல் அது 'செலிப்ரேஷன் டே' என்று வெளிவந்தது. டிரம்ஸில் அப்பா ஜான் பானம் உட்கார்ந்த இடத்தில் மகன் ஜேசன் பானம் உட்கார்ந்து 'காஷ்மீர்' வாசிப்பதை நான் அறையில் தனியாக, எழுந்து நின்று பார்த்தேன்.

நேரில் போகவே இல்லையா என்றால், போயிருக்கிறேன். ஒரு பெரிய கச்சேரிக்கு. ஆர்வத்தில் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே போய் நின்றேன். அடிவயிற்றில் வந்து மோதுகிற பேஸ் டிரம் எந்தப் பதிவிலும் கிடைக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடகரின் ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததால் மேடையைச் சின்னச் சின்னத் திரைகளில்தான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபின் இரண்டு நாள் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரே ரீங்காரம். பயந்தே போனேன். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் சொல்கிறது. ராக் கச்சேரிகள் சாதாரணமாக அதைத் தாண்டும். 'லைவ் அட் லீட்ஸ்' வாசித்த பீட் டவுன்ஷென்டே தன் காதுகள் கெட்டதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர். நீங்கள் போனால் காதடைப்பான் போட்டுக்கொண்டு போங்கள். கேலி செய்தால் செய்யட்டும்.

சரி, பிளேலிஸ்ட். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு 'ஜோடிகள்' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஒரே பாட்டின் ஸ்டூடியோ வடிவம், அதற்கு அடுத்ததாக மேடை வடிவம். சீப் டிரிக்கின் 'ஐ வான்ட் யூ டு வான்ட் மீ' 1977 ஆல்பத்தில் மெதுவாக, சாதுவாக இருக்கும், யாரும் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வருடம் அதே புடோகானில் வேகமாக வாசித்தார்கள், ஜப்பானிய ரசிகைகள் வரிக்கு வரி கத்தினார்கள், அந்த வடிவம்தான் அமெரிக்காவில் வெற்றிப் பாடலானது. ஆல்மன் பிரதர்ஸின் 'விப்பிங் போஸ்ட்' 1969இல் ஐந்து நிமிடப் பாட்டு. 1971 மார்ச்சில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அது 23 நிமிடம். அந்த ஆல்பம் வந்து சில மாதங்களில் கிட்டாரிஸ்ட் டுவேன் ஆல்மன் விபத்தில் இறந்துபோனார். லின்யர்ட் ஸ்கின்யர்டின் 'ஃப்ரீ பேர்ட்' 1973இல் ஒன்பது நிமிடம். 1976இல் அட்லாண்டா மேடையில், என்ன பாட்டு வேண்டும் என்று பாடகர் கேட்க, கூட்டம் முழங்க, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் போகிறது. முதலில் சின்னதைக் கேட்டால் பெரியதில் அவர்கள் எங்கே துணிந்தார்கள் என்று புரியும். பாட்டு ஒரு வரைபடம் மாதிரி, மேடையில்தான் அதில் நடக்கிறார்கள்.

ஃபில்மோர் ஈஸ்ட் என்று எழுதும்போதே மனம் எரிகிறது. அந்த சிடியை ஒருவர் "இரண்டே நாள்" என்று கேட்டு வாங்கிப்போனார். நான்கு மாதம் கழித்துப் பெட்டி திரும்பியது, உள்ளே வேறு ஏதோ தட்டு. கேட்டால், "இப்போதுதான் எல்லாம் போனிலேயே கிடைக்கிறதே" என்றார். கிடைக்கும்தான். நான் மார்க் பண்ணி வைத்திருந்த அந்தக் கையேடு கிடைக்குமா? புத்தகமோ இசைத்தட்டோ, இரவல் வாங்கியதைத் திருப்பித் தருவது அடிப்படை நேர்மை. அவரிடம் நான் இன்னும் பேசுவதில்லை.

ஆல்பங்களில் இரண்டே சொல்கிறேன். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973), பீட்டில்ஸின் 'அபி ரோடு' (1969) இரண்டாம் பக்கம். இரண்டிலும் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டிப் போகும் இடங்கள் உண்டு. தயவுசெய்து பாட்டு வரிசையைக் கலைக்கும் ஷஃபிளை அணையுங்கள், பாட்டுகளைக் குழைத்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். 'பிரெய்ன் டேமேஜ்' முடிந்த கையோடு 'எக்லிப்ஸ்' வரவில்லை என்றால் அந்த ஆல்பத்தை நீங்கள் கேட்கவில்லை. கறாராகப் பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நிர்வானாவை விட்டுவிட்டாயே என்று திட்டாதீர்கள். 1993 நவம்பரில் நியூயார்க்கில் பதிவான அந்த 'அன்பிளக்ட்' நிகழ்ச்சியை நான் அடிக்கடி கேட்பதில்லை, தாங்க முடிவதில்லை. கடைசிப் பாட்டின் கடைசி வரியின் நடுவில் பாடகர் கர்ட் கோபேன் ஒரு நொடி நிறுத்தி மூச்சு இழுக்கிறார். அடுத்த ஏப்ரலில் அவர் இல்லை. அந்த மூச்சு அரங்கத்தில் இருந்தவர்களைவிட ஹெட்போனில் கேட்கிற நமக்குப் பக்கத்தில் இருக்கிறது.

உங்களைக் கேட்டவரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. இன்றிரவு 'மேட் இன் ஜப்பான்' போடுங்கள், ஏழு பாட்டையும். ஆறாவது முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள்.